கோடை விடுமுறையில் அடுத்த வகுப்புப் புத்தகத்தைத் தொடாதீர்கள்: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறந்த மூன்றாம் நாள், புதிதாக ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் எழுதுகிற முதல் கணக்கு 503 − 178. புத்தகத்துக்கு அட்டை போட்டாகியிருக்கும், பேனா புதுசு, பை புதுசு. ஆனால் நான்கைந்து நோட்டிலாவது விடை 475 என்று இருக்கும். அதில் ஒன்றிரண்டு, மே மாதம் முழுக்க ஆறாம் வகுப்புப் பாடத்துக்கு என்றே பணம் கட்டி சம்மர் கிளாஸ் போய்விட்டு வந்த பிள்ளையின் நோட்டாக இருக்கும்.

அந்த 475 எப்படி வந்தது என்று பாருங்கள். மூன்றிலிருந்து எட்டு போகாது. அதனால் பிள்ளை எட்டிலிருந்து மூன்றைக் கழித்து 5 போடுகிறது. பூஜ்ஜியத்திலிருந்து ஏழு போகாது, ஏழையே எழுதிவிடுகிறது. ஐந்திலிருந்து ஒன்று போக 4. கவனக்குறைவில் வந்த விடை இல்லை இது. 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று மூன்றாம் வகுப்பில் மனத்தில் பதிந்த ஒரு தவறான விதியை, மூன்று வருடமாக ஒழுங்காகக் கடைப்பிடித்து வருகிறது. இந்த ஓட்டையை அடைக்காமல் மேலே ஆறாம் வகுப்பு முழுக்கள், விகிதம் என்று ஊற்றினால் எல்லாம் கீழே ஒழுகிவிடும்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவள்தான். என் மகள் ஆறு முடித்த லீவில், ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கி, தினமும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தேன். மே கடைசியில் மூன்று பாடம் முடிந்திருந்தது. ஜூலையில் முதல் தேர்வில் அதே மூன்று பாடத்தில்தான் அவளுக்கு மதிப்பெண் குறைவு. பின்னக் கூட்டல் அவளுக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்தே தெரியவில்லை. டீச்சர் வீட்டுப் பிள்ளை என்பதால் யாரும் கேட்கவுமில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நான் என் வகுப்புப் பெற்றோர்களிடம் சொல்வது இதுதான்: லீவில் அடுத்த வருடப் பாடம் வேண்டாம். போன வருடங்களில் விட்டுப்போன ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். தினம் நாற்பது நிமிடம் போதும். மீதி நேரம் வீடும் தெருவும் ஊரும் சொல்லிக்கொடுக்கட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை முடித்த பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

லீவில் மறந்துவிடுமா?

கொஞ்சம் மறக்கும். அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் சக ஆய்வாளர்களும் 1996-இல் அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்தங்குவதாகவும், வாசிப்பைவிடக் கணக்கில் இழப்பு அதிகம் என்றும் சொன்னார்கள். பின்னால் வந்தவர்கள் இந்த அளவு சரிதானா என்று கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு லீவு பத்துப் பன்னிரண்டு வாரம், நமக்கு ஐந்தாறு வாரம். அதனால் அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவரத் தேவையில்லை. ஆனால் கணக்குதான் முதலில் துருப்பிடிக்கிறது என்பதை வகுப்பில் நானே பார்க்கிறேன். பேச்சும் வாசிப்பும் அன்றாடம் ஏதோ ஒரு வகையில் நடந்துகொண்டே இருக்கும். வகுத்தல் அப்படி நடக்காது.

முதல் வாரம்: எதுவும் வேண்டாம்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த முதல் ஐந்தாறு நாள் பிள்ளையை விட்டுவிடுங்கள். தூங்கட்டும், டிவி பார்க்கட்டும், தெருவில் ஆடட்டும். வருடம் முழுக்க ஆறு மணிக்கு எழுந்த உடம்பு அது. இந்த வாரத்தில் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: பழைய நோட்டுகளையும் தேர்வுத்தாள்களையும் எடைக்குப் போடாமல் எடுத்து வைப்பது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு வைத்திருப்போம். இப்போது சிவப்பு மை எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே மாதிரிக் கணக்கில் மூன்று தாளிலும் சிவப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் வாரத் தொடக்கம்: இருபது நிமிடச் சோதனை

'டெஸ்ட்' என்று பெயர் சொல்லாதீர்கள். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், காலை நேரம். பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை எப்படிப் போடுகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை. தப்பாகப் போகும்போது வாயைத் திறக்கக் கூடாது. இது சொல்வதற்கு எளிது. எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்று முதல் ஐந்து வரை முடித்தவர்களுக்கு 503 − 178 மாதிரி நடுவில் பூஜ்ஜியம் வருகிற கழித்தல் ஒன்று, 612 ÷ 6 மாதிரி வகுத்தல் ஒன்று கொடுங்கள். இரண்டாவதில் சரியான விடை 102. 12 என்று வந்தால், 1-ஐ ஆறால் வகுக்க முடியாதபோது ஈவில் பூஜ்ஜியம் போட வேண்டும் என்பது தெரியவில்லை என்று பொருள். 'அறுநூறை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நூறு வருமே, இங்கே எப்படிப் பன்னிரண்டு?' என்று பிறகு ஒரு நாள் கேட்கலாம். இன்று வேண்டாம்.

ஆறு முதல் எட்டு வரை முடித்தவர்களுக்கு அதோடு இன்னும் மூன்று. ½ + ⅓ எவ்வளவு? 0.5, 0.25 இரண்டில் எது பெரியது? −7 + 3 எவ்வளவு? முதலாவதற்கு ⅖ என்று வரும். மேலே இருப்பதையும் கூட்டி, கீழே இருப்பதையும் கூட்டிய விடை அது. இரண்டாவதற்கு, ஐந்தைவிட இருபத்தைந்து பெரிசு என்பதால் 0.25 என்று வரும். மூன்றாவதற்கு −10 வரும். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் இந்த மூன்றும் தப்பாக வருவதைப் பார்த்திருக்கிறேன். அதிர்ச்சியாகிவிடாதீர்கள். எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் வாசிப்பு. முடித்த வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே உள்ள தமிழ்ப் புத்தகத்தில், அவர்கள் படித்து மறந்த பாடம் ஒன்றிலிருந்து ஒரு பத்தி. ஐந்து முடித்திருந்தால் மூன்றாம் வகுப்புப் புத்தகம். மாநில அரசின் பாடப்புத்தகங்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, கையில் இல்லையென்றால் இறக்கிக்கொள்ளலாம். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் போகிறதா, சொல் சொல்லாக வருகிறதா, வாக்கியமாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். கெ–கே, கொ–கோ தடுமாற்றம் இருக்கிறதா? முடித்தபின் 'என்ன நடந்துச்சு?' என்று கேளுங்கள். தடங்கலின்றி வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாமல் நிற்கிற பிள்ளைகள் நிறைய உண்டு. ஆங்கிலத்துக்கும் இதே முறைதான், மூன்று வகுப்பு கீழே போனாலும் தப்பில்லை.

இந்தத் தாளில் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். கடைசி வாரம் வேண்டும்.

எதை எடுப்பது, எதை விடுவது

சோதனையில் ஆறு ஓட்டை தெரியும். ஆறையும் அடைக்க ஆசை வரும். கணக்கில் ஒன்று, மொழியில் ஒன்று. அதற்கு மேல் ஐந்து வாரத்தில் நடக்காது. அடியில் இருப்பதை முதலில் எடுங்கள்: கழித்தல் தெரியாமல் வகுத்தல் வராது, வாய்ப்பாடு இல்லாமல் பின்னம் வராது. வாசிப்பே தடுமாறுகிறதென்றால் கணக்கைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு வாசிப்பை மட்டும் எடுங்கள் என்று சொல்வேன். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குச் சமூக அறிவியலும் தெரியாது, அறிவியலும் தெரியாது.

அந்த நாற்பது நிமிடம்

கத்திரி வெயில் காலம். பதினொரு மணிக்கு மேல் ஓட்டு வீட்டிலோ தகர ஷீட் வீட்டிலோ உட்கார்ந்து எந்தப் பிள்ளையும் படிக்காது, நம்மாலும் முடியாது. காலை ஏழரை மணி வாக்கில், காபி டீ முடிந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் இரவு சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம். எந்த நேரம் என்பதைவிட, தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம். ஞாயிறு லீவு. ஊருக்குப் போகிற நாளும் லீவுதான்.

முதல் பத்து நிமிடம் பழையது, அதாவது நேற்றும் போன வாரமும் செய்ததில் இரண்டு மூன்று. அடுத்த பதினைந்து நிமிடம் இன்றைய கணக்கு. கடைசிப் பதினைந்து வாசிப்பு. நாற்பது முடிந்தால் எழுந்துவிட வேண்டும், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும்கூட. 'இன்னும் ரெண்டே ரெண்டு' என்று இழுத்தீர்களானால் மறுநாள் பிள்ளை அந்த நேரத்துக்குக் கழிவறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த 503 − 178-ஐ எப்படிச் சரிசெய்வது என்று சொல்கிறேன், மற்றவற்றுக்கும் வழி இதுதான். 'கடன் வாங்கு' என்ற சொல்லை ஒரு வாரத்துக்கு மறந்துவிடுங்கள். காகிதத்தில் நூறு ரூபாய், பத்து ரூபாய் நோட்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள், ஒரு ரூபாய்க்குப் புளியங்கொட்டை. பிள்ளை கையில் ஐந்து நூறு, மூன்று கொட்டை. நீங்கள் கடைக்காரர். '178 ரூபாய் கொடு' என்று கேளுங்கள். எட்டு கொட்டை கொடுக்க வேண்டும், கையில் மூன்றுதான். பத்து ரூபாய் நோட்டும் இல்லை. அப்போது பிள்ளையே சொல்லும், 'நூறை மாத்தணும்'. ஒரு நூறு போய்ப் பத்துப் பத்து வரும். அதில் ஒரு பத்து போய்ப் பத்துக் கொட்டை வரும். இப்போது கையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று கொட்டை. எட்டைக் கொடுத்தால் 5, ஏழு பத்தைக் கொடுத்தால் 2, ஒரு நூறைக் கொடுத்தால் 3. மீதி 325. மூன்று நாள் நோட்டும் கொட்டையும் மட்டும். நான்காம் நாள் நோட்டை மாற்றும்போதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஏழாம் நாள் வெறும் எழுத்து. ஒன்பது ஏன் வந்தது என்று அதற்குப் பிறகு அது மறக்காது. கண்ணால் பார்த்துவிட்டதே.

பின்னத்துக்குத் தோசை. அரைத் தோசை தின்றாயிற்று, அப்புறம் இன்னொரு தோசையில் மூன்றில் ஒரு பங்கு. மொத்தம் அரையைவிடக் குறையுமா? ⅖ என்பது அரைக்கும் குறைவு. இந்த ஒரு கேள்வியிலேயே சில பிள்ளைகள் 'அய்யோ' என்று பென்சிலை எடுத்துவிடுவார்கள். தசமத்துக்கு டேப். 0.5 மீட்டர் என்றால் 50 சென்டிமீட்டர், 0.25 என்றால் 25, இழுத்துக் காட்டினால் சண்டையே இல்லை. −7 + 3 என்பது ஏழு ரூபாய் கடனில் மூன்று ரூபாயைக் கொடுத்த கதை.

வாய்ப்பாட்டில் கஷ்டமானது இருபத்தொன்றுதான்

வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடுகிற பிள்ளையிடம் 'ஏழெட்டு?' என்று நடுவில் கேட்டால், ஓரேழு ஏழிலிருந்து தொடங்கி வரும். வரிசை மனப்பாடமாகிவிட்டது, பெருக்கல் ஆகவில்லை.

1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் அநேகமாக எல்லாருக்கும் வந்துவிடும். மீதி 3, 4, 6, 7, 8, 9. இந்த ஆறு எண்களுக்குள் 7×8-உம் 8×7-உம் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டால், கற்க வேண்டியவை மொத்தம் 21 பெருக்கல்கள் மட்டுமே. இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். மலைபோல இருந்தது இருபத்தொரு அட்டையாகிவிடுகிறது.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் நல்ல கெட்டி அட்டை கிடைக்கும். முன்பக்கம் 7×8, பின்பக்கம் 56. மூன்று டப்பா வையுங்கள். எல்லா அட்டையும் முதலில் 'தினம்' டப்பாவில். சரியாகச் சொன்னால் 'மூன்று நாள்' டப்பாவுக்குப் போகும், அங்கேயும் சரியானால் 'ஒரு வாரம்'. தப்பானால் எந்த டப்பாவிலிருந்தாலும் மீண்டும் 'தினம்'. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்காஸ் 1885-இலேயே தன் மேலேயே சோதனை செய்து காட்டியது இது: கற்றது முதல் சில மணி நேரத்தில், முதல் சில நாளில்தான் வேகமாக மறக்கிறது. இடைவெளி விட்டு மறுபடி மறுபடி தொட்டால் நிற்கிறது. ஒரே நாளில் நூறு முறை எழுதுகிற தண்டனைக்கு அந்தப் பலன் இல்லை.

வாசிப்பு: நீதி கேட்காதீர்கள்

பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்று தேர்ந்தெடுக்க ஒரு கைக்கணக்கு இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் அடுத்த வருடத்துக்கு.

உங்கள் ஊர் கிளை நூலகத்தில் பிள்ளை பேரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். கட்டணம் சொற்பம்தான். தன் பேர் போட்ட அட்டையில் புத்தகம் எடுப்பது பெரிய மனுசத்தனம். போவதற்கு முன் வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுவிடுங்கள், வெயிலில் நடந்து போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தால் அதோடு சரி. மதுரைப் பக்கம் இருப்பவர்கள் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும், சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் ஒரு நாள் கூட்டிப்போகலாம். இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு, குளிர்சாதன வசதியும் உண்டு. மே மாதத்தில் அதுவே பாதி ஈர்ப்பு. நூலகம் தூரம் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாகவே இருக்கின்றன. எட்டாவது படிக்கிற பிள்ளையானாலும் தடுமாறினால் முதல் நிலையிலிருந்தே தொடங்கலாம். தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்டச் சொன்னால் மானமும் போகாது.

கதை முடிந்ததும் 'இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நாம் ஒரு சினிமா பார்த்துவிட்டு வெளியே வரும்போது வாசலில் ஒருவர் நின்று நீதியைச் சொல் என்றால் அடுத்த படத்துக்குப் போவோமா? 'எந்த இடம் பிடிச்சுது?' என்று கேளுங்கள். இல்லையென்றால் சும்மா இருங்கள். தட்டுத்தடுமாறி வாசிக்கிற பிள்ளைக்கு, நீங்கள் ஒரு வரி, அது ஒரு வரி என்று மாற்றி மாற்றி வாசிப்பது நன்றாக வேலை செய்கிறது.

எழுத்து: காலண்டர் தாளின் பின்பக்கம்

வீட்டில் தினசரி காலண்டர் இருக்கும். கிழிக்கிற தாளின் பின்பக்கம் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும், அளவு ஒரு உள்ளங்கை. முன்பக்கம் தேதி அச்சாகியே இருக்கிறது. தினம் இரவு அந்தத் தாளில் நான்கு வரி. இடம் சின்னது என்பதால் பிள்ளை பயப்படாது.

'காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன்' என்றுதான் முதல் நான்கு நாளும் வரும். அன்று பார்த்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுது என்று விதி போடுங்கள். போன வருடம் ஒரு பையன் கொண்டுவந்த தாள்களில் ஒன்று இப்படி இருந்தது: 'எங்க ஆடு குட்டி போட்டுச்சு. மூணு. ஒண்ணு எந்திரிக்கல. அப்பத்தா அது மூக்குல ஊதுச்சு. எந்திருச்சிருச்சு.' இதில் நான் எதைத் திருத்துவது? பேச்சுத் தமிழ்தான், இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு பிழை மட்டும் சொல்லுங்கள், அதுவும் ல–ள–ழ, ர–ற, ந–ன–ண மாதிரி அடிக்கடி வருவதாகப் பார்த்து. தாள்களை நூலில் கோத்து வைத்தால் லீவு முடிவில் ஒரு புத்தகம்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாடங்கள்

இவற்றை அந்த நாற்பது நிமிடத்தில் சேர்க்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று வந்தால் போதும், வராவிட்டாலும் குடி முழுகாது.

எனக்குப் பிடித்தது நிழல். நண்பகலில் சூரியன் எங்கே இருக்கும் என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் 'தலைக்கு நேர் மேலே' என்று சொல்லும். மே மாதத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் சமதளத்தில் நேராக நட்டு, 11.50 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். கல்லை வைத்துவிட்டு நிழலுக்கு ஓடி வந்துவிட வேண்டும், சூரியனைப் பார்க்கக் கூடாது. மிகக் குட்டையான நிழல் சென்னையில் 12.05 வாக்கில் விழும், மதுரையில் 12.14 வாக்கில், கோவையில் 12.18 வாக்கில். மேற்கே போகப் போகத் தாமதமாகிறது. நம் எல்லாருக்கும் கடிகாரம் ஒன்று, சூரியன் ஊருக்கு ஊர் வேறு. இன்னொன்று: அந்த நிழல் தெற்கே பார்த்து விழும். மே நடுவில் மதுரையில் கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர், சென்னையில் 10. நமக்குச் சூரியன் வடக்கே போய்விட்டது என்று பொருள். நேர் உச்சியில் வருவது வருடத்தில் இரண்டே நாள். சென்னைக்கு ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் நடுவுக்குப் பின் ஒன்று. டிசம்பரில் இதே குச்சியை நட்டால் நிழல் வடக்கே நீளமாகக் கிடக்கும். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதைச் செய்துவிட்டு, 'அப்ப புக்குல போட்டிருக்கிற படம் தப்பா டீச்சர்?' என்று கேட்டாள். வருடம் முழுக்க எனக்குக் கிடைத்த நல்ல கேள்வி அது.

அடுத்தது மின் மீட்டர். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் 0.75 யூனிட், பில் வருகிற இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். வீட்டில் எத்தனை ஃபேன், இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் எந்தத் தேதியில் தீரும் என்று பிள்ளை கணக்குப் போடட்டும். தினம் ஒரே நேரத்தில் மீட்டரைப் பார்த்து எழுதினால் கழித்தலும் தசமமும் தானாக வந்துவிடும். என்ன, அப்புறம் நீங்கள் ஃபேனை அணைக்காமல் போனால் திட்டு வாங்குவீர்கள்.

மாடியில் வற்றல் போடுகிற வீடாக இருந்தால், காயப்போடும் முன் ஒரு கிலோ கொத்தவரங்காயை எடை போட்டு, காய்ந்தபின் மறுபடி போடச் சொல்லுங்கள். போன தண்ணீர் எத்தனை விழுக்காடு? பல்லாங்குழியில் 14 குழி, குழிக்கு ஐந்து என்றால் 70 காய். எங்கே எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே எண்ணுகிற பிள்ளை மனக்கணக்கில் எங்கோ போய்விடும். தாயம் ஆடுகிறவர்கள் கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 2023 மார்ச்சில் திறந்தது. அகழாய்வில் எடுத்த பகடைகளும் ஆட்டக்காய்களும், 'ஆதன்' என்று பேர் கீறின பானை ஓடுகளும் கிடைத்த ஊர் அது. தன் பாத்திரத்தில் பேர் எழுதி வைக்கிற பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது என்று பார்த்தால் வரலாறு கொஞ்சம் பக்கத்தில் வரும்.

அம்மாச்சி வீட்டுக்கு, அப்பத்தா வீட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நோட்டு கொடுத்து அனுப்பாதீர்கள். நான்கு தலைமுறைப் பேர்களைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள், அது போதும்.

நான் படிக்கவில்லையே, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இதை என்னிடம் கேட்காத பெற்றோர்கூட்டம் இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். 'எனக்குத் தெரியாது, நீ எனக்குப் புரியிற மாதிரி சொல்லு' என்று பக்கத்தில் உட்காருங்கள். சொல்லத் தொடங்கினால்தான் எங்கே தெரியவில்லை என்று பிள்ளைக்கே தெரியும். ரூபாய் நோட்டை மாற்றுகிற விளையாட்டுக்கு, காய்கறிக் கடை வைத்திருக்கிற அம்மாவைவிட நல்ல டீச்சர் யார்? இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு எடுக்கட்டும், பெரியவருக்கும் அதில் பாதிப் பாடம் திரும்ப வந்துவிடும். 2021-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் திண்ணையிலும் மரத்தடியிலும் வகுப்பெடுத்தார்கள். அவர்களில் யாராவது உங்கள் தெருவில் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள், பலருக்குப் பழைய பிள்ளைகளைப் பார்க்கப் பிரியம்தான்.

போனைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்து வீடியோ பார்ப்பது நல்லதுதான், ஆனால் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கணக்கைப் போட வேண்டும். படித்தால் போன் தருகிறேன் என்று பேரம் பேசாதீர்கள். படிப்பு வேப்பங்காய், போன் சர்க்கரை என்று நாமே முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும்.

ஒன்பது முடித்துப் பத்துக்குப் போகிறவர்கள் கதை வேறு. பள்ளியே மே மாதத்தில் போர்ஷன் தொடங்கிவிட்டால் தப்பிக்க வழியில்லை. அப்போதும் தினம் இருபது நிமிடமாவது முழுக்கள், பின்னம், இயற்கணிதத்தில் அடிப்படை என்று பழையதற்கு ஒதுக்குங்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் மதிப்பெண் போகிற இடம் பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பாடமாக இருப்பதில்லை.

கடைசி வாரம்

பள்ளி திறக்க ஏழு நாள் இருக்கும்போது தூக்க நேரத்தைத் தினம் கால் மணி நேரமாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள். திறக்கிற அன்று திடீரென ஆறு மணிக்கு எழுப்பினால் முதல் வாரம் முழுக்க முதல் பீரியடில் தூக்கம்தான்.

பிறகு அந்தப் பழைய தாளை எடுங்கள். எண்களை மாற்றி அதே கணக்குகள்: 704 − 286, 816 ÷ 8, ⅓ + ¼. அதே பாடத்திலிருந்து வேறொரு பத்தி. இந்த முறையும் வாயைத் திறக்காமல் பாருங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளையிடமே கொடுங்கள், மாற்றத்தை அதுவே கண்டுபிடிக்கட்டும். மாற்றம் இல்லையென்றால் ஓட்டை இன்னும் கீழே இருக்கிறது என்று பொருள். அதைத் தேடிக்கொண்டு நீங்கள் உட்கார வேண்டாம். இரண்டு தாளையும் மடித்து, ஜூன் முதல் வாரத்தில் புது வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். 'என் பிள்ளை கணக்குல வீக்' என்று சொல்கிற பெற்றோரைத் தினம் பார்க்கிறோம். எந்தக் கணக்கில், எந்த அடியில் என்று தாளோடு வருபவரை ஒரு ஆசிரியர் லேசில் மறக்கமாட்டார்.